1962ல டாப்ஸ் கம்பெனி போட்ட பேஸ்பால் கார்டுல (ஆட்டக்காரர் போட்டோ போட்ட அட்டை) ஒரே நம்பருக்கு ரெண்டு விதமா வருது, அதுல ஒண்ணு பச்சையா இருக்கு. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லைங்க. யாருக்கும் தூக்கி குடுத்துடாதீங்க, முதல்ல இதைப் படிச்சுடுங்க.

நீங்களும் எங்கயோ கராஜ் சேல்ல, அதான் வீட்டு வாசல்ல பழைய சாமான் விப்பாங்களே, அங்க ஷூ டப்பாவோட வாங்கியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், நான் அப்படித்தான் வாங்கினேன். நியூ ஜெர்சி வந்த புதுசு, கிரிக்கெட் பாத்து வளந்தவன், பேஸ்பால்னா ஒரு எழவும் தெரியாது, ஆனா பழைய பொருள்னா கை சும்மா இருக்காது. 40 டாலர் சொன்னாங்க, 30க்கு முடிச்சேன். பாதிக்கு மேல 1962 செட்டு, அதான் போட்டோவைச் சுத்தி மரப்பலகை மாதிரி பார்டர் இருக்குமே. முழு செட்டு 598 கார்டு, என்கிட்ட எது இருக்கு எது இல்லைன்னு எக்செல்ல நம்பர் வாரியா ஏத்திக்கிட்டு வரேன், சில கார்டுல மட்டும் ஆளு மூஞ்சியெல்லாம் பச்சை பூத்து, பலகை பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. சரி வெயில்ல கெட்டுப்போச்சுன்னு அதுக்கு ஒரு தனி கட்டம் போட்டு "டேமேஜ்"னு குறிச்சேன். 129ஆம் நம்பர், லீ வால்ஸ்ங்கற ஆட்டக்காரர் கார்டு, ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல இடது பக்கம் பாக்கறார், இன்னொண்ணுல வலது பக்கம். பச்சையா இருந்தது போலின்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன்.

ஒரு சர்ச் ஹால்ல கார்டு ஷோ நடந்துச்சு. அங்க ஒரு பெரியவர்கிட்ட அந்த பச்சை கார்டு முப்பத்து சொச்சத்தையும் கட்டா 20 டாலருக்கு குடுத்தேன். நிச்சயமா தர்றியான்னு ரெண்டு தடவை கேட்டார். நான் பெரிய யோக்கியனாட்டம், இதெல்லாம் வெயில்ல போனது சார், கூட வாங்க மனசு வரலைன்னேன். அவர் ஒண்ணும் பேசல. ரப்பர் பேண்டை மெதுவா கழட்டி, ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் உறையில போட ஆரம்பிச்சார். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

விஷயம் என்னன்னா, 1962ல ரெண்டாவது சீரிஸை, அதாவது ரெண்டாவது தொகுதியா வந்த 110லேருந்து 196 வரைக்குமான கார்டை, மறுபடி அச்சுல ஓட்டினப்போ கலர் மாறி பச்சை ஏறிடுச்சு. கிரீன் டின்ட்டுன்னு சொல்வாங்க. அதுல சில பேருக்கு போட்டோவே வேற. 139ஆம் நம்பர்ல பேப் ரூத்தும் வருவார், ஹால் ரெனிஃபும் வருவார். இதை நான் படிச்சது ஒரு வருஷம் கழிச்சு. உடனே அந்த எக்செல்லைத் திறந்து "டேமேஜ்" மட்டும் ஃபில்டர் போட்டேன், அத்தனையும் 110க்கும் 196க்கும் நடுவுல. வெயில் என்ன நம்பர் பாத்தா அடிக்கும்? உங்க பச்சை கார்டு நம்பரையும் இப்படி பாருங்க, இந்த எல்லைக்கு வெளிய இருந்தா அது கிரீன் டின்ட் இல்லை.

அரிதான்னா அரிதுதான், ஆனா அதை வித்து வீடு வாங்க முடியாது, சாதா ஆட்டக்காரர்னா சில்லறைக்காசுதான் கூட கிடைக்கும். "அப்புறம் எதுக்குய்யா இந்த ஒப்பாரி"ன்னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும், காசுக்கு அழலைங்க, கண்ணு முன்னாடி இருந்தும் பாக்கலையேன்னுதான். அரிதும் விலையும் ஒண்ணு கிடையாது. 1952 டாப்ஸ்ல மிக்கி மேன்டில்ங்கற பெரிய ஆட்டக்காரரோட கார்டை எடுத்துக்குங்க, நம்பர் 311. கடைசி சீரிஸ் 311லேருந்து 407, மொத்தம் 97 கார்டு, அச்சடிக்கற ஷீட்ல 100 இடம். மிச்ச மூணு இடத்துக்கு மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூணு பேரையும் ரெண்டாவது தடவை வச்சுட்டாங்க. ஆக அந்த சீரிஸ்ல மத்தவங்களை விட மேன்டிலும் இந்த ரெண்டு பேரும் டபுள். அவர் கார்டுலயே பின்பக்கம் நம்பரைச் சுத்தி இருக்கற பந்துப் படத்தோட தையல் ரெண்டு விதமா திரும்பியிருக்கும், அதனாலதான். அந்த சீரிஸ் வந்தப்போ சீசன் முடியற நேரம், கடைக்காரங்க வாங்கல, விக்காம கிடந்ததை 1960ல படகுல ஏத்திட்டுப் போய் கடல்ல கொட்டினோம்னு டாப்ஸ்ல வேலை பாத்த சை பெர்கரே சொல்லியிருக்கார். அதனால சீரிஸே குறைவு, அது வாஸ்தவம். ஆனா 2022ல ஒரு மேன்டில் 1.26 கோடி டாலருக்கு போச்சே, அது பேருக்கும், அந்த ஒரு கார்டு அழுக்குப்படாம இருந்ததுக்கும்.

இதைச் சொல்றப்போ எங்க அண்ணன் ஞாபகம் வருது. அஞ்சாம் கிளாஸ்லேருந்து நான் ரோட்ல பொறுக்கி, வெந்நீர்ல ஊறப்போட்டு, உரிச்சு ஒட்டின வத்திப்பெட்டி லேபிள், ரெண்டு நோட்டு. ஒரே கோழிப் படம், ஒண்ணுல கொண்டை சிவப்பு, ஒண்ணுல மையி நகந்து கண்ணுக்கு மேல ஏறியிருக்கும், அது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சிருந்தேன். நான் காலேஜ் ஹாஸ்டல் போன மாசமே அண்ணன் அந்த நோட்டு ரெண்டையும் பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்டுட்டான். கேட்டா குப்பைதானடா, எல்லாம் ஒரே கோழிதானேங்கறான். இன்னிக்கும் ஊருக்குப் போனா அதைச் சொல்லி சிரிக்கறான், அண்ணி முன்னாடி.

சரி அதை விடுங்க. ரப்பர் பேண்ட் போடாதீங்க, ஓரம் அமுங்கிடும். 129 ரெண்டு விதமும் உங்ககிட்ட இருந்தா ஒரு போட்டோ போடுங்க, பாத்தாவது ஆத்திக்கறேன்.