தோற்கத் தெரிந்த நண்பர் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கிளப் ஹவுஸில் பூல் டேபிள் உண்டு. சனிக்கிழமை ராத்திரி நாலைந்து பேர் எயிட் பால் ஆடுவோம் (தன் ஏழு பந்துகளையும் விழவைத்து, கடைசியில் கறுப்பை முதலில் போடுபவர் ஜெயிப்பார்), ஆட்டத்துக்கு 200 ரூபாய். அதில் ஒருவர் என் அலுவலக நண்பர். என்னோடு ஆடும்போது முதல் மூன்று ஆட்டமும் தோற்பார். பிறகு "ஆயிரமா வச்சுக்கலாமா?" என்பார். அதில் ஜெயிப்பார். விட்டதைப் பிடிக்க நானும் இன்னொரு ஆயிரம் வைப்பேன், அதுவும் போகும். பல நாள் இரண்டு பீர் குடித்துவிட்டுத்தான் ஆடுவார். அப்படியும் நான்தான் தோற்கிறேன். நாலு மாதத்தில் 22,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. இத்தனைக்கும் எங்கள் இருவரில் அதிக ஆட்டம் ஜெயித்திருப்பவன் நான்தான். இது ஏமாற்றா, என் கெட்ட நேரமா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

தீபாவளிக்கு ஊரில் சொந்தக்காரர்களோடு ரம்மி ஆடும்போதும் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிறார்களோ என்று சந்தேகம். யாரையும் நம்ப முடியவில்லை. வீடியோ பார்த்துச் சில சீட்டு வித்தைகள் பழகிவருகிறேன், அவர்கள் வழியிலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்று. ஆன்லைன் ரம்மியாவது நேர்மையானதா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

"அதிக ஆட்டம் ஜெயித்திருப்பவன் நான்தான்." உங்கள் கடிதத்தில் இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூதில் ஏமாற்று என்றதும் நம்மவர்கள் எதிராளியின் கையைப் பார்க்கிறார்கள். சட்டைக் கைக்குள் ஒளித்த சீட்டு, அடியிலிருந்து உருவிப் போடும் சீட்டு, நகத்தால் கீறிய ஆஸ். அதெல்லாம் உண்டுதான். ஆனால் நண்பர்களுக்குள் நடக்கும் ஆட்டத்தில் பணம் போகிற வழி அது இல்லை. பந்தயத் தொகை எந்த ஆட்டத்தில் ஏறுகிறது, ஏற்றச் சொல்வது யார், அங்கேதான் போகிறது.

ஒரு சனிக்கிழமையை எழுதிப் பார்ப்போம். முதல் மூன்று ஆட்டம், தலா 200. மூன்றும் உங்களுக்கு. கையில் 600. நாலாவது 1,000 ரூபாய்க்கு. தோற்கிறீர்கள், இப்போது 400 நஷ்டம். ஐந்தாவதும் 1,000, அதுவும் போகிறது. ஆகமொத்தம் 1,400 நஷ்டம். ஆட்டக் கணக்கில் 3-2 என்று நீங்கள்தான் மேலே. 1,400-ஐ நாலு மாதத்துச் சனிக்கிழமைகளால், அதாவது பதினாறால் பெருக்கினால் 22,400. நீங்கள் எழுதிய தொகை அப்படியே வந்து நிற்கிறது. கெட்ட நேரம் இவ்வளவு ஒழுங்காக, வாரம் தவறாமல், நாலாவது ஆட்டம் தொடங்கும்போது மட்டும் வராது.

அவர் பக்கம் பாருங்கள். முதல் மூன்று ஆட்டத்தில் விட்ட 600 ரூபாய் அவருடைய முதல். ஐந்தில் இரண்டு ஆட்டத்தை மட்டும் ஒழுங்காக ஆடினால் போதும், முதலும் லாபமுமாகத் திரும்பி வந்துவிடும். இதே ஐந்து ஆட்டமும் 200 ரூபாயிலேயே நின்றிருந்தால்? மூன்றை வேண்டுமென்றே விட்டால் 600 போகும், இரண்டை ஜெயித்தால் 400 வரும். அவருக்கு 200 நஷ்டம். கடைசி இரண்டு ஆட்டத்தை 300 ஆக்கினால்கூட 600 விட்டு 600 பிடிப்பார், கையில் எதுவும் மிஞ்சாது. தொகை ஏறாத மேஜையில் வேண்டுமென்று தோற்பதால் ஒருவனுக்கு ஒரு பைசா வராது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பூல், ரம்மி, மூணு சீட்டு, கேரம், எதில் வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். தோற்றுக் காட்டிப் பிடிக்கிறவனுக்குத் தொகை ஏற வேண்டும். ஏறாவிட்டால் அவனுக்கு வேலையே இல்லை.

சரி, ஐந்து ஆட்டத்தையும் ஒழுங்காக ஆடி, 200 வீதம் 1,000 ரூபாய் எடுத்துப்போனால்? போகட்டும். அப்போது அவருடைய உண்மையான ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் நீங்கள் சலுகை கேட்கலாம்: பிரேக் எனும் முதல் அடி முடிந்து யாருக்கு எந்தப் பந்துகள் என்று ஆனதும் உங்கள் பந்துகளில் ஒன்றை மேஜையிலிருந்து எடுத்துவிடுவது. அது போதாவிட்டால் அதற்கடுத்த வாரம் இரண்டு. இந்தச் சலுகையைப் பணக் கணக்கை வைத்து முடிவுசெய்யுங்கள், ஆட்டக் கணக்கை வைத்துச் செய்தால் மறுபடியும் ஏமாறுவீர்கள். 3-2 என்று உங்களை ஜெயிக்கவிட்டவர், அதே 3-2-ஐக் காட்டி உங்களிடமே சலுகை கேட்பார். போன வாரம் பணத்தோடு போனவர் இந்த வாரம் ஒரு பந்து விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான் விதி.

அமெரிக்காவில் இப்படித் தோற்றுக் காட்டிப் பிடிப்பது ஒரு முழுநேரத் தொழிலாகவே இருந்தது. 1960-களில் நியூயார்க்கின் பூல் கூடங்களில் இந்த ஆட்களை ஆராய்ந்த சமூகவியலாளர் நெட் போல்ஸ்கி கண்டதும் இதுதான்: அவர்கள் பந்தில் எதுவும் செய்வதில்லை, தங்கள் திறமையின் அளவைத்தான் மறைக்கிறார்கள். அந்தத் தொழிலுக்குத் தெரியாத முகம் வேண்டும். அதனால்தான் ஊர் ஊராகப் போனார்கள். பெயர் பரவிவிட்டால் ஆட ஆள் கிடைக்காது. பிலிப்பைன்ஸின் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் 1985-ல் ஹூஸ்டனில் நடந்த ஒரு நைன் பால் (பூலில் இன்னொரு வகை) போட்டிக்கு 'சீசர் மொராலஸ்' என்ற பெயரில் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். சொந்தப் பெயர் அதற்குள் கடல் தாண்டிப் போயிருந்தது. பின்னால் 1999-ல் உலகப் பட்டம் வென்றபோது ஒளிந்துகொள்ள அவருக்குத் தேவை இருக்கவில்லை.

உங்கள் நண்பரால் ஊர் மாற முடியாது. அதே கிளப் ஹவுஸ், அதே நாலைந்து முகம். ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு போக முடியாது. வாரா வாரம் மூன்று ஆட்டம் தோற்றுக் காட்டி, நீங்கள் அடுத்த சனிக்கிழமையும் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நண்பர்களை வைத்துச் செய்கிற இந்த வேலை முன்பின் தெரியாத ஊர்க்காரனை ஏமாற்றுவதைவிட எனக்கு அருவருப்பாக இருப்பது இதனால்தான்.

இனி, மேஜையில் எதைப் பார்ப்பது?

முதலில் அவர் தவறவிடும் பந்தைப் பாருங்கள். கற்றுக்குட்டி தவறவிட்டால் பந்து பாக்கெட்டுக்கு அரை அடி தள்ளி, மேஜை ஓரத்துக் குஷனில் அடிக்கும். நாம் கோலால் அடிக்கும் ஒயிட் பால் எங்கே வேண்டுமானாலும் ஓடும், சில நேரம் தானே போய் பாக்கெட்டில் விழும். தெரிந்தே விடுபவரின் பந்து பாக்கெட்டின் இரண்டு முனைகளிலும் தட்டி, வாயிலேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பந்து அவருக்கு அடுத்த முறை சும்மா கிடைக்கும், அதுவரை உங்கள் பந்துக்கு வழியை அடைத்துக்கொண்டும் இருக்கும். அதைவிட முக்கியம், ஒயிட் பால் எங்கே நின்றது என்பது. அவர் தவறவிட்ட பத்து அடிகளை எண்ணுங்கள். உண்மையிலேயே தவறினால் பாதியிலாவது உங்களுக்கு நேரான அடி கிடைத்திருக்க வேண்டும். பத்தில் ஏழெட்டு முறை ஒயிட் பால் வேறு பந்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றால் அவர் தவறவிடவில்லை, உங்களுக்கு எதுவும் இல்லாமல் செய்திருக்கிறார்.

கண்ணைப் பாருங்கள். புதிதாக ஆடுபவர் அடித்த பந்து விழுகிறதா என்று பார்ப்பார். நன்றாக ஆடுபவரின் கண் ஒயிட் பாலோடு போகும், அடுத்த அடி அதில்தானே இருக்கிறது. இந்தப் பழக்கத்தை மறைப்பது மிகக் கடினம். அடித்த பிறகு க்யூ கோலின் நுனி நேராக, தாழ்வாக, அசையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஆள் வேண்டுமென்று பந்தைத் தவறவிடலாம், வருஷக்கணக்கில் பழகிய கை தன் நேர்க்கோட்டை மறக்காது. அடிக்கு அடி க்யூ நுனியில் சாக்கட்டி தேய்க்கிறவர் 'எப்பவாவதுதான் ஆடுவேன்' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எயிட் பாலில் தோற்பதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. கடைசிக் கறுப்புப் பந்தைச் சரியாக பாக்கெட்டில் போட்டு, பின்னாலேயே ஒயிட் பாலையும் விழவிட்டால் ஆட்டம் போச்சு. பார்ப்பவர்கள் 'ஐயோ, நல்லா ஆடினாரு, நேரம் சரியில்ல' என்பார்கள். மாதத்தில் ஒரு முறை யாருக்கும் நடக்கும். 200 ரூபாய் ஆட்டங்களில் மட்டும் திரும்பத் திரும்ப நடந்து, ஆயிரம் ரூபாய் ஆட்டத்தில் ஒரு முறைகூட நடக்கவில்லை என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

ரேக்கையும், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளை முக்கோணமாக அடுக்குவதையும் கவனியுங்கள். பதினைந்து பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிரேக் சிதறும். முன்பந்துக்கும் அதன் பின்னால் இருக்கும் இரண்டு பந்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும், நீங்கள் எவ்வளவு பலமாக அடித்தாலும் வேகம் அங்கேயே செத்துவிடும். குனிந்து, முக்கோணத்தை எடுத்த பிறகு, பக்கத்திலிருந்து பாருங்கள். அல்லது உங்கள் பிரேக்குக்கு நீங்களே அடுக்குங்கள். பிரேக் மாறி மாறி வரட்டும், ஜெயித்தவருக்கே மறுபடியும் பிரேக் என்ற வழக்கம் உங்கள் மேஜைக்கு வேண்டாம்.

தம்பி, இப்போது கோபித்துக்கொள்ளாமல் ஒன்றைக் கேளுங்கள். அவர் ஆயிரம் ரூபாய் என்றதும் நீங்கள் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? மூன்று ஆட்டம் தோற்றவர், பீர் குடித்திருக்கிறார், இவரிடம் ஆயிரம் ரூபாய் சுளையாக வரும் என்றுதானே? தடுமாறுகிறார் என்று நீங்கள் நம்பிய ஒருவரிடம் தொகையை ஏற்றினீர்கள். அவர் உண்மையிலேயே தடுமாறியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? இந்தக் கேள்வியை நீங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர் பிடித்துக்கொண்டது உங்களுடைய இந்த ஆசையைத்தான்.

வீடியோ பார்த்து வித்தை பழகுவதை இன்றோடு நிறுத்துங்கள். திருப்பிக் கொடுப்பது என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். ஊரில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது சித்தப்பாவும் மச்சானும். சந்தேகம் இருவர் மேல், சீட்டு விழப்போவது ஐந்தாறு பேர் மேல். நீங்கள் அடியிலிருந்து உருவுகிற ஒரு சீட்டு, எதுவும் அறியாத மற்றவர்களின் பணத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் தடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சீட்டிலும் பகடையிலும் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று சீட்டு வித்தைக்காரர் ஜான் ஸ்கார்ன் செய்துகாட்டினார். சம்பளத்தைச் சூதில் இழக்கும் பையன்களைக் காப்பாற்றச் செய்த வேலை அது.

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. திறமை உள்ள இடத்தில் கூட்டுச் சேரவும் வழி இருக்கிறது. சேர்ந்து ஆடுபவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து உட்காருவார்கள். முன்னவர் இறக்கும் சீட்டைப் பின்னவர்தானே எடுக்க முடியும்? முன்னவர் தனக்கு அதிகபட்ச அபராதமான 80 புள்ளி ஏறினாலும் பரவாயில்லை என்று நல்ல சீட்டுகளைக் கழித்துக்கொண்டே இருப்பார், பின்னவர் டிக் அடிப்பார் (சேர்த்து ஆட்டத்தை முடிப்பார்), ராத்திரி கடைசியில் பங்கு போட்டுக்கொள்வார்கள். 20 புள்ளியோடு ஆரம்பத்திலேயே ஸ்கூட் ஆகி விலகியிருக்க வேண்டிய கையை ஒருவர் அடிக்கடி கடைசிவரை இழுத்து ஆடினால் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். பரிகாரம் சுலபம். மணிக்கு ஒரு முறை ஆளுக்கொரு சீட்டு எடுத்து, பெரிய சீட்டிலிருந்து வரிசையாக இடம் மாறி உட்காருங்கள். யார் மேலும் பழி சொல்லாமல் ஜோடி கலைந்துவிடும்.

போடுபவர் சீட்டைக் கலைத்ததும் வேறொருவர் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு போடுபவர் கட்டை மடிக்குக் கொண்டுபோகக் கூடாது. கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று விழவைக்கும் கலைப்பில், 52 சீட்டுக்கு ஏழு முறை வேண்டும் என்று கணிதவியலாளர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு கட்டு சேர்ந்தால் இன்னும் ஒன்றிரண்டு முறை கூட. நம் வீடுகளில் மேலிருந்து கொத்துக் கொத்தாகத் தள்ளிக் கலைக்கிறோமே, அதில் போன ஆட்டத்தின் செட்டுகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். ஏமாற்று இல்லாமலே ஒருவருக்கு ரம்மி சேர்ந்து விழுந்து, வீண் சந்தேகம் வருவது இதனால்தான். சீட்டு போடுபவர் முன்னால் கைபேசி திரை மேலே தெரிய இருக்கக் கூடாது, எவர்சில்வர் டம்ளரும் கூடாது. விழுகிற சீட்டின் முகம் அதில் தெரியும்.

ஆன்லைன் ரம்மி பற்றிப் பேச எதுவும் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைசெய்துவிட்டது. அதைத் தாண்டித் தேடிப் போகாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், வராது. வீட்டில் சொல்லிவிடுங்கள். 22,000 என்று சொல்லுங்கள், குறைத்துச் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒளித்துவைத்திருக்கும்வரை அந்தத் தொகையை மீட்க வேண்டும் என்ற துடிப்பு இருந்துகொண்டே இருக்கும், நாலாவது ஆட்டத்தில் உங்களைத் தலையாட்ட வைப்பது அந்தத் துடிப்புதான்.

நண்பரிடம் குற்றம் சாட்ட வேண்டாம். உங்களிடம் நிரூபணம் இல்லை, அவர் மறுத்தால் மற்றவர்கள் முன் நீங்கள்தான் சிறுத்துப்போவீர்கள். வரும் சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு முன்னால், பணம் மேஜைக்கு வருவதற்கு முன்னால், எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள்: இனி எல்லா ஆட்டமும் 200தான், ஐந்து ஆட்டம், பத்தரை மணிக்குக் கடை மூடல். காரணம் கேட்டால் வீட்டில் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள், அது உண்மையாகவும் இருக்கட்டும். முதல் மூன்று ஆட்டத்தை அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.