கம்ப்ரசர் இறக்க டெயில் லிஃப்ட்: 1,000 கிலோ போதுமா?

கேள்வி: கோவை கணபதியில் ஏர் கம்ப்ரசர் செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். ஒரு கம்ப்ரசர், அடியில் வைக்கும் பேலட் பலகையோடு 600 கிலோ வரும். எங்கள் 14 அடி லாரியிலேயே திருப்பூர், கரூர், ஈரோடு என்று அனுப்புகிறோம். போகிற இடத்தில் ஃபோர்க்லிஃப்டும் இருக்காது, லோடிங் மேடையும் இருக்காது. ஹைட்ரா கிரேனுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடுகிறது. லாரியின் பின்னால், சரக்கை ஏற்றி இறக்கும் தட்டு உள்ள டெயில் லிஃப்ட் பொருத்தலாமா? 1,000 கிலோ தூக்குவது போதும்தானே?

பொருத்துங்கள். உங்கள் சரக்குக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் 1,000 கிலோ போதாது, 1,500 கிலோ லிஃப்டாக வாங்குங்கள். 600 கிலோ சரக்குக்கு எதற்கு அவ்வளவு என்று வீட்டிலும் பட்டறையிலும் கேட்பார்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

லிஃப்டின் தகட்டில் 1,000 கிலோ என்று போட்டிருந்தால் அதோடு ஒரு நிபந்தனையும் இருக்கும். சரக்கின் எடை மையம் லாரித் தளத்தின் விளிம்பிலிருந்து இத்தனை மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பல லிஃப்டுகளில் அது 600 மி.மீ. என்று இருக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி போக முடியாது. லிஃப்டும் சேஸிஸிலிருந்து கை நீட்டித்தான் தூக்குகிறது.

உங்கள் பேலட்டின் நீளம் 1,200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பேலட்டுக்கு அடியில் ஃபோர்க்கை நுழைத்துத் தூக்கி உருட்டும் கைவண்டியான ஹேண்ட் பேலட்டின் கைப்பிடிப் பக்கம் லாரியை நோக்கி இருந்தால் அதற்கே 400 மி.மீ. போய்விடும். அப்போது சரக்கின் நடு, விளிம்பிலிருந்து 1,000 மி.மீ. தள்ளி நிற்கிறது. 600 மி.மீ.யில் 1,000 கிலோ தூக்கும் லிஃப்ட் அந்தத் தூரத்தில் 600 கிலோதான் தாங்கும். கம்ப்ரசரே 600 கிலோ. ஹேண்ட் பேலட் சுமார் 75 கிலோ. ஒரு ஆளும் ஏறி நின்றால் இன்னொரு 70. 1,500 கிலோ லிஃப்ட் என்றால் அதே இடத்தில் 900 கிலோ தாங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கம்ப்ரசரில் மோட்டார் இருக்கும் பக்கம்தான் கனம் என்றால், அந்தப் பக்கம் லாரியை ஒட்டி வருகிற மாதிரி ஏற்றுங்கள். தட்டின் ஆழம் 1,600 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். விற்பவரிடம் தூரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சாக்கடைப் பக்கமாக ரோடு லேசாகச் சரிந்திருந்தது, கண்ணுக்கே தெரியாத சரிவு. பையன் லாரிக்கு உள்ளேயிருந்து, இயந்திரம் ஏற்றிய ஹேண்ட் பேலட்டை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து தட்டுக்கு வந்தான். நின்றுவிட்டான், ஆனால் சக்கரம் நிற்கவில்லை. அவன் பக்கவாட்டில் குதித்தான், இயந்திரம் அவன் நின்ற இடத்தில் போய் விழுந்தது. முழங்காலில் சிராய்ப்போடு தப்பினான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதனால் சரக்குக்கும் தட்டின் வெளி விளிம்புக்கும் நடுவில் ஒரு ஆளும் நிற்கக் கூடாது. உள்ளேயிருந்து தள்ளித்தான் கொண்டுவர வேண்டும். தட்டின் ஓரத்தில் எழும்பி நிற்கும் தடுப்பு உள்ள மாடலாகவே கேளுங்கள். சரக்கு தட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பேலட்டின் நெம்புகோலை இயக்கி ஃபோர்க்கை இறக்கிவிட வேண்டும். பேலட் தட்டின் மேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டால் உருளாது. அப்புறம் ஆள் கீழே இறங்கி, பக்கவாட்டில் நின்று ரிமோட்டை அழுத்தட்டும்.

கிளம்பும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டு வாசல் கான்கிரீட்டா மண்ணா என்று கேளுங்கள். லிஃப்ட் தரை வரைக்கும்தான் கொண்டுவரும். ஹேண்ட் பேலட்டின் சின்னச் சக்கரம் மண்ணில் புதைந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு இரும்புத் தகடுகள் லாரியிலேயே கிடக்கட்டும். குன்னூர் பக்கம் லோடு போனால், லாரியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிற்கவே கூடாது.

நாமக்கல், திருச்செங்கோடு என்று பாடி கட்டும் பட்டறைகள் நம் பக்கம் நிறைய உண்டு. எங்கே பொருத்தினாலும் பின்பக்கத் தடுப்புக் கம்பியை வெட்டிப் போட விடாதீர்கள். பின்னால் வரும் பைக்கும் காரும் லாரிக்கு அடியில் புகாமல் காப்பது அதுதான். விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. லிஃப்டே சில நூறு கிலோ இருக்கும், அந்த அளவுக்கு நீங்கள் ஏற்றும் பாரம் குறையும். இது வண்டியில் செய்யும் மாற்றம் என்பதால் வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

லிஃப்ட் ஓடும்போது இன்ஜினும் ஓடட்டும், இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். ஹைட்ராலிக் குழாய் வெடித்தாலும் தட்டு தடாலென்று விழாமல் பிடிக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

துணி ரோலோ மஞ்சள் மூட்டையோ ஏற்றுகிறவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்கு லோடுமேன்களின் வேகம் லிஃப்டுக்கு வராது.

முதல் லோடை வாடிக்கையாளர் வாசலில் இறக்காதீர்கள். உங்கள் பட்டறையிலேயே ஒரு கம்ப்ரசரை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். டிரைவரும் கூடப் போகும் பையனும் ஆளுக்கு இரண்டு தடவை ரிமோட்டைப் பிடிக்கட்டும்.