ஹில்ஸ்ட்ரீம் லோச் பாசி தின்னும் மீன்தானே? பாசி மண்டிய தொட்டியிலும் ஏன் இரண்டே மாதத்தில் மெலிந்து செத்துப்போகிறது?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பழைய தொட்டிதான் கண்முன் வந்தது. நீங்கள் நூல்பாசி தீரட்டும் என்று இரண்டு லோச் வாங்கிவிட்டீர்கள். பாசி அப்படியே இருக்கிறது, மீன்கள்தான் போய்விட்டன. நான் மூன்று வாங்கி மூன்றையும் பட்டினி போட்டுக் கொன்றவன். தண்ணீர் சோதனையில் மீனுக்கு விஷமான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டியதால் வேறு ஏதோ நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேக ஓடைகளில் கல்லோடு ஒட்டி வாழும் இந்தச் சின்னத் தட்டை மீனின் வாய் தலைக்கு அடியில் இருக்கிறது. கடித்து இழுக்கும் வாய் அல்ல, சுரண்டும் வாய். ஓடையில் கல்மேல் கால் வைத்தால் சர்ரென்று வழுக்குமே, அந்த வழுவழுப்புதான் இதன் சாப்பாடு. டயட்டம் எனும் பழுப்புப் பாசி, மெல்லிய பச்சைப் பாசி, பாக்டீரியா, அவற்றுக்குள் வாழும் நுண்ணிய பூச்சிப் புழுக்கள் எல்லாம் சேர்ந்த படலம் அது. நீளமாகத் தொங்கும் நூல்பாசியையும், செடி ஓரத்தில் தாடிபோல் முளைக்கும் கறும்பாசியையும் இது ஒன்றும் செய்யாது. நானோ வாரந்தோறும் நான்கு பக்கக் கண்ணாடியையும் துடைத்து, கற்களை எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்துவந்தேன். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விருந்தாளியைச் சாப்பிட உட்காரச் சொன்ன கதை.

மெலிவதும் சட்டென்று கண்ணில் படாது. மேலிருந்து பார்த்தால் இது எப்போதுமே தட்டையான மீன்தான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். லேசாகப் புடைத்தோ, குறைந்தது சமமாகவோ இருக்க வேண்டும். குழி விழுந்திருந்தால் பசி. வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்குங்கள். பிடித்து, அடைத்து, அனுப்பி வந்து சேர்வதற்குள்ளேயே பல மீன்கள் பட்டினியில் பாதி போயிருக்கும்.

அடுத்த முறை மீனுக்கு முன்னால் சாப்பாட்டை ஏற்பாடு செய்தேன். உள்ளங்கை அளவு வழவழப்பான கற்களை, தண்ணீர் மாற்றும்போது வரும் பழைய தண்ணீரில் போட்டு ஒரு டப்பில் வெயில் படும்படி வைத்தேன். ஒன்றிரண்டு வாரத்தில் மேலே பழுப்பும் பச்சையுமாகப் படிந்துவிடும். அதைத் தொட்டிக்குள் வைத்து, உள்ளே சுத்தமாகிவிட்ட கல்லை டப்புக்கு மாற்ற வேண்டியதுதான். டப்பின் மேல் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பவர் ஆகிவிடுவீர்கள். கல் வைத்த அரைமணி நேரத்தில் மீன்கள் அதன்மேல் ஏறிச் சுரண்டிப் போட்ட கோடுகள் தெரியும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்த காட்சி அதுதான். கூடவே ஸ்பைருலினா எனும் நுண்பாசி சேர்த்த வில்லை கொடுக்கலாம், ஜெல் உணவைக் கல்லில் தடவி ஆறவிட்டும் வைக்கலாம். ஆனால் விளக்கை அணைத்த பிறகு வையுங்கள். மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும், இவை சண்டை போட்டுப் பிடுங்கித் தின்னும் ரகம் இல்லை.

தொட்டியும் புதிதாக இருக்கக் கூடாது. மீன் விடும் அளவுக்குத் தண்ணீர் தயாராவது வேறு, கல்லிலும் மரத்திலும் படலம் பிடிப்பது வேறு. பின்னதற்குச் சில மாதங்கள் ஆகும்.

பசிக்கு அடுத்தபடி இவற்றைக் கொல்வது சூடு. இருபது டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; முப்பது டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. 20 முதல் 24 டிகிரி நல்லது. நீரோட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதும் பெரும்பாலும் இதற்காகத்தான். தொட்டியின் கொள்ளளவைப்போல் பத்து மடங்குத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் சுற்றும்படி பவர்ஹெட் (தொட்டிக்குள் வைக்கும் சின்ன மோட்டார்) வைத்தால் போதும், மேற்பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும். அந்த மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் துளையில் ஸ்பாஞ்ச் மாட்ட மறக்காதீர்கள். மூடியும் கட்டாயம்: ஈரக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். என்னுடைய ஒன்றைத் தரையில் கண்டெடுத்திருக்கிறேன்.

இரண்டே இரண்டு வாங்கியதும் சரியில்லை. பலமானது மற்றதை ஓயாமல் விரட்டும். நான்கைந்து இருந்தால் அந்தத் தொல்லை பங்குபோட்டுக் குறையும். ஒன்றின்மேல் ஒன்று குடைபோல் கவிந்து படுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அவற்றின் மல்யுத்தம். காயம் படுவது அபூர்வம்.

அப்புறம், பாசி தின்னும் மீன் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. நான் சொல்வது செவெல்லியா, பியூஃபோர்ஷியா போன்ற தட்டை மீன்களைப் பற்றி. செவெல்லியா லினியோலாட்டா வியட்நாமின் வேக ஓடைகளிலிருந்து வருவது, ஆறு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். சைனீஸ் ஆல்கே ஈட்டர் குட்டியாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும். வளர்ந்தால் கால் மீட்டரைத் தொடும், மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஒட்டோசிங்க்லஸ் எனும் குட்டிக் கெளுத்திக்கோ வேக ஓட்டமே வேண்டாம், பசிப் பிரச்சினை மட்டும் அதற்கும் இதேதான்.

சரி, உங்கள் நூல்பாசி? அதற்கு மீன் தேட வேண்டாம். பழைய டூத்பிரஷ்ஷை உள்ளே விட்டு முறுக்கினால் நூல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு வந்துவிடும். விளக்கை ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரத்துக்குக் குறையுங்கள். கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், மற்ற மூன்று பக்கமும் பச்சை பிடித்துக் கிடக்கட்டும். பார்ப்பவர்கள் தொட்டியைக் கழுவுவதே இல்லையா என்று கேட்கும் நிலை வந்தபிறகு லோச் வாங்கப் போங்கள்.