கல்யாண பட்ஜெட் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கல்யாண ஏற்பாடு பண்ற இடத்துல கணக்கு வழக்கு பாக்குறது என் வேலை. நிறைய பேர் தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்தையும் இங்கயே வெச்சுக்கலாம்னு.

கே: அக்கா, எங்க ஆரம்பிக்கிறதுன்னே புரியல. முதல்ல மண்டபம் பாக்கணுமா, பட்ஜெட் போடணுமா?

ப: ரெண்டுக்கும் முன்னாடி ஆள் லிஸ்ட் தம்பி. பேர் பேரா எழுதுங்க, "ஒரு முந்நூறு பேர் இருக்கும்"னு குத்துமதிப்பா சொன்னா அது கடைசில நானூறுல தான் வந்து நிக்கும். செலவுல ரெண்டு வகை இருக்கு. போட்டோ, மேக்கப், கல்யாண டிரஸ் இதெல்லாம் 100 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் கிட்டத்தட்ட அதே தான். சாப்பாடு, பத்திரிகை, நாற்காலி, வெளியூர்க்காரங்களுக்கு ரூம், இதெல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு ஏறும், மண்டபமும் பெருசா தேவைப்படும். அதனால கணக்கை தலைகீழா போடுங்க: கையில இருக்குறது மொத்தம் 100 பங்கு, மாறாத செலவு 45, எதிர்பாராததுக்கு ஒதுக்குறது 10, மிச்சம் 45. ஒரு ஆளுக்கு 0.15 பங்கு ஆகும்னா 300 பேரை கூப்பிடலாம், அவ்வளவு தான். லிஸ்ட்ல 400 பேர் இருந்தா 15 பங்கு பத்தல, அது எங்கிருந்து வரும்னு இப்பவே உக்காந்து பேசிடணும்.

கே: கொட்டேஷன் ஒண்ணு சொன்னாங்க, எங்க அண்ணன் கல்யாணத்துல ஃபைனல் பில் வேற மாதிரி வந்துச்சு. எப்படி தப்பிக்கிறது?

ப: இது தான் எனக்கு தினமும் வர்ற புகார். முக்கால்வாசி நேரம் யாரும் ஏமாத்தல, கேக்காம விட்டது தான் பில்லுல வருது. வரி சேர்த்தா சேர்க்காமலா, கரண்ட், ஜெனரேட்டர் தனியா, கிளீனிங் தனியா, எத்தனை மணிக்கு காலி பண்ணணும், லேட்டானா மணிக்கு எவ்வளவு, வெளி ஆள் டெக்கரேஷன் பண்ணா தனி காசு கேப்பாங்களா, வேலை செய்யுறவங்க சாப்பாடு யார் கணக்கு, தேதி மாறுனா அட்வான்ஸ் திரும்ப வருமான்னு எல்லாத்தையும் கேட்டு எழுத்துல வாங்குங்க. போன்ல பேசுனதா இருந்தா கூட, பேசி முடிச்ச உடனே "நீங்க சொன்னது இது தானே"ன்னு மெசேஜ் போட்டு பதில் வாங்கி வெச்சுக்கோங்க. முழு காசையும் முன்னாடியே குடுத்துடாதீங்க. போட்டோக்காரருக்கு ஒரு பங்கு ஆல்பம் கைக்கு வந்தப்புறம் தான்னு முதல்லயே பேசிடுங்க.

கே: 300 பேரை கூப்பிட்டா 300 சாப்பாடு சொல்லணுமா?

ப: கூப்பிட்ட எல்லாரும் வர மாட்டாங்க, ஆனா எவ்வளவு குறையும்னு பொதுவா ஒரு நம்பர் சொல்ல மாட்டேன், லீவு நாளா, எத்தனை பேர் வெளியூருன்னு பாத்தா உங்களுக்கே தெரியும். காண்ட்ராக்ட்ல "குறைஞ்சபட்சம் இத்தனை பேர்"னு ஒரு எண் இருக்கும், அதை விட கம்மியா ஆள் வந்தாலும் அந்த காசு போயிடும். அந்த எண்ணை கம்மியா பேசி வெச்சுட்டு, கடைசி எண்ணிக்கை எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், கூட வந்தா என்ன ரேட்டுன்னு கேட்டுக்கோங்க.

கே: பர்சனல் லோன் போடலாமா? பரிசா வர்ற காசுல அடைச்சுடலாம்னு வீட்ல சொல்றாங்க.

ப: வேண்டாம்மா. பரிசுப் பணத்தை வரவுல எழுதவே எழுதாதீங்க, வந்தா சந்தோஷம். 14 சதவீத வட்டில 3 வருஷத்துக்கு 100 வாங்குனா ஈஎம்ஐயா மொத்தம் 123 கட்டுவீங்க, அதுவே 24 சதவீதம்னா 141. கிரெடிட் கார்டுல மாசம் 3 சதவீதம்னு கம்மியா தெரியும், கட்டாம விட்டா வட்டிக்கு வட்டி சேர்ந்து வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல போகுது. புதுசா கல்யாணம் ஆன ரெண்டு பேர் முதல் மூணு வருஷ சம்பளத்தை ஒரு நாள் செலவுக்கு கட்டிட்டு இருக்குறதை பாக்கவே எனக்கு கஷ்டமா இருக்கு. கண்டிப்பா வாங்கியே ஆகணும்னா ஈஎம்ஐ யார் சம்பளத்துல போகும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசிடுங்க, மறைக்காதீங்க.

கே: ரெண்டு வருஷம் டைம் இருக்கு. மாசம் எவ்வளவு சேர்க்கணும், ஷேர்ல போடலாமா?

ப: ஷேர் வேண்டாம், தேவைப்படுற மாசம் பாத்து மார்க்கெட் இறங்குனா தேதியை தள்ளவா முடியும்? ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி போதும். இன்னிக்கு 100 ஆகுற செலவு வருஷம் 6 சதவீதம் விலை ஏறுனா ரெண்டு வருஷத்துல 112 ஆயிடும், அதை 24-ஆல வகுத்துக்கோங்க. அட்வான்ஸ் எல்லாம் பல மாசம் முன்னாடியே கேப்பாங்க, அதனால மொத்தத்தையும் ஒரே டெபாசிட்ல பூட்டாம பிரிச்சு போடுங்க. ஆஸ்பத்திரி, வேலை போறது மாதிரி அவசரத்துக்கு வெச்சிருக்குற காசுல கை வைக்காதீங்க.

கே: ரெண்டு வீட்டுக்கும் செலவை எப்படி பிரிக்கிறது?

ப: பாதிப் பாதி, இல்ல அவங்கவங்க ஆள் எண்ணிக்கைப்படி. எனக்கு ரெண்டாவது தான் பிடிக்கும், யார் லிஸ்ட் நீளுதோ அவங்க தர்றாங்க.

கே: இன்னும் ரெண்டு மாசம் தான் இருக்கு, பட்ஜெட் ஏற்கனவே 20 சதவீதம் தாண்டிடுச்சு, பத்திரிகையும் குடுத்தாச்சு!

ப: பதறாதீங்க. அட்வான்ஸ் குடுத்ததை கேன்சல் பண்றதுல பெருசா மிச்சம் ஆகாது, இன்னும் காசு குடுக்காததை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. பூ, லைட்டிங், ரெண்டாவது மூணாவது டிரஸ், வீடியோவுல எக்ஸ்ட்ரா கேமரா, இதெல்லாம் இப்பவும் குறைக்கலாம். சாப்பாட்டுல ஐட்டம் எண்ணிக்கையை குறைங்க, அளவை குறைக்காதீங்க. இனிமே ஒரே ஆள் கையில பணம் இருக்கட்டும், அவர்கிட்ட சொல்லாம யாரும் எதையும் ஆர்டர் பண்ண வேண்டாம். அந்த பேப்பரை எழுதிட்டு இங்கயே போடுங்க, எதை எடுக்கலாம்னு சேர்ந்து பாப்போம்.