வீடியோ கேமின் அடுத்த பாகத்தில் திரும்பி வரும் தோழர் ஏன் வேறு ஆளாகத் தெரிகிறார்?

கதை சார்ந்த வீடியோ கேம்களில் நாயகனுடன் கூடவே வந்து, சண்டையிட்டு, பேசிப் பழகும் பாத்திரத்தைத் தோழர் என்கிறோம். தக்க காரணம் காட்டப்படாமல் அவருடைய குணம் அடுத்த பாகத்தில் மாறியிருந்தால், அது பாத்திர வளர்ச்சியில் நேரும் முரண்பாடு.

2007-இல் வெளியான 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் லியாரா என்னும் தோழர் கூச்சம் மிகுந்த தொல்லியல் ஆய்வாளர். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்திலோ, பணம் தராதவரை மிரட்டும் தகவல் வணிகர். கதைப்படி இடையில் இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அக்காலத்தில் நடந்தவற்றில் முக்கியமான ஒரு பகுதி, தனியே வெளியான காமிக்ஸ் புத்தகத்துக்குப் போய்விட்டது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் பாகத்தில் ஆட்டக்காரர் லியாராவைக் காதலித்திருக்கலாம், காதலிக்காமலும் இருந்திருக்கலாம். சேமித்த ஆட்டத்தை அப்படியே தொடர அனுமதிக்கும் இரண்டாம் பாகம் இவ்விரு நிலைகளுக்கும் பொருந்த வேண்டியிருந்தது. அவரைச் சற்று எட்டவே நிறுத்தியதற்கு இதுவும் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ராயபுரத்தில் நம்முடன் கேரம் ஆடி வளர்ந்த, அதிர்ந்து பேசாத நண்பன் வெளிநாட்டு வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்து, தெருமுனை டீக்கடையில் எல்லோரையும் அதட்டினால் நாம் திகைப்போம். அங்கே அவன் பட்ட பாட்டை அவனுடைய அம்மா அறிவார். நமக்கு யாரும் சொல்லவில்லை.

குணம் மாறினாலே எழுத்து பிழை என்று பலர் எண்ணுகின்றனர். லியாராவின் மாற்றம் நம்பக்கூடியதே, அந்த இரண்டு ஆண்டுகளை ஆட்டத்துக்குள் போதிய அளவு காட்டாததுதான் குறை.