பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவருக்கு நீங்கள் கூறும் ஒரே அறிவுரை என்ன?

உறவினருக்குத் தெரிந்த முகவர் ஒருவர் பொறியியல் இடம் வாங்கித் தருவதாகக் கூறி மூலச் சான்றிதழ்களைக் கேட்கிறார் என்று கேள்வியின் கீழே குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் தம்பியா தங்கையா என்று தெரியவில்லை; யாராயினும், மதிப்பெண் தரவரிசைப்படி பொறியியல் இடங்களை அரசு ஒதுக்கும் கலந்தாய்வு முடியும்வரை அவற்றை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நான் உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் 2012இல் பிளஸ் டூ முடித்தேன். கணிதத்தில் 172, இயற்பியலில் 168, வேதியியலில் 174. அன்று ஒவ்வொரு பாடத்திற்கும் 200 மதிப்பெண் என்பதால், கணிதத்தில் பாதியையும் மற்ற இரண்டில் கால் பங்கையும் கூட்டினால் தரவரிசைக்கான கட் ஆஃப் 171.5 வந்தது. கலந்தாய்வை நடத்திய அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்புக் கடிதமும் வந்து சேர்ந்தது. கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது 2018இல்தான். அப்போதெல்லாம் சென்னைக்கு நேரில் செல்ல வேண்டும். திருச்சியைத் தாண்டியிராத என் தந்தை, கடிதத்தை நாட்காட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, பெரியப்பா சொன்ன முகவரைப் பார்க்க என்னை மதுரை மாட்டுத்தாவணிக்கு அழைத்துச் சென்றார். தேநீர்க் கடை மேசையின் ஈரத்தைத் துண்டால் இருமுறை துடைத்த பிறகே, மஞ்சள் பையிலிருந்து மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் எடுத்து வைத்தார். முகவர் அவற்றை வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை.

கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உண்டு என்பது பணம் கட்டப் போன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தாலுகா அலுவலகத்திற்கு நான்கு நாள் நடந்து வாங்கிய சான்றிதழ் பையிலேயே கிடந்தது. என்னைவிடக் குறைந்த கட் ஆஃபில் கலந்தாய்வு மூலம் வந்த ஒருவன், அதே வகுப்பில், அதே பெஞ்சில், என்னில் பாதிக்கும் குறைவாகக் கட்டணம் செலுத்திப் படித்தான். விலகிவிடலாம் என்று கல்லூரியில் கேட்டபோது, நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான், முகவர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த மூலச் சான்றிதழ்கள் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டது. அதற்குள் நான் படிப்பையே முடித்திருந்தேன்.

எல்லா முகவர்களும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. என் தந்தையைக் குறை கூறுவதாகவும் யாரும் பின்னூட்டம் இட வேண்டாம். தெரியாத ஊரைவிடத் தெரிந்த மனிதரை நம்பினார், அவ்வளவுதான். நிர்வாக ஒதுக்கீட்டில் விரும்பிச் சேர்பவர்களிடமும் எனக்கு வழக்கில்லை. ஆனால் கலந்தாய்வுக்குப் போகாமலே அங்கே போய்விடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2021இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். கலந்தாய்வில் நீங்கள் தரும் விருப்பப் பட்டியலில் கல்லூரிகளின் வரிசை முக்கியம். கிடைக்குமா என்று யோசிக்காமல், உண்மையில் வேண்டியதை முதலில் இடுங்கள்.

அந்த ஒதுக்கீடு வந்த ஆண்டிலேயே என் தங்கை விண்ணப்பித்தாள். திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் அவள் பட்டியலை நிரப்பியபோது தந்தை அருகிலேயே இருந்தார். ஒவ்வொரு கல்லூரியின் பெயரை வாசித்தபோதும், "இதுக்கு மெட்ராசுக்குப் போகணுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.