சிறையில் தம்பிக்கு அடி: யாரிடம் போவது?

உங்கள் தம்பியைச் சிறையில் அடித்திருக்கிறார்கள், எம்.பி.க்கு எழுதியும் பதில் இல்லை என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. சிறைகள் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் பொறுப்பில், வருகின்றன. அதனால் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பக்கூடிய உங்கள் எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே மாவட்ட நீதிபதிக்கு எழுதுங்கள்: எந்தத் தேதி, உடம்பில் எங்கே காயம், சிறையில் அவரைப் பார்க்கப் போனபோது நீங்கள் கண்ணால் கண்டது என்ன. வெறும் கடிதம்தானே என்று நினைக்காதீர்கள். திகார் சிறையில் சக கைதி சித்திரவதைப்பட்டதைப் பற்றி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. அப்புறம், என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர், சுதந்திரம் சார்ந்த தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும்; அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். இலவச வக்கீல் உதவிக்கு 15100 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள்.